மந்திரி எழுதித் தந்த அட்டை

இராயப்பு இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து எட்டு வருடம். சிஞ்ஞோரா என்று அவர் அழைக்கும் ஒரு கிழட்டுச் சீமாட்டியின் வீட்டில் சமைப்பார், துடைப்பார், நாயை உலாத்தக் கூட்டிப்போவார். ஞாயிறு பூசை தவறமாட்டார். இந்த அப்பாவியின் பெயரில் பொலிஸில் ஓர் இரகசியக் கோப்பு இருந்தது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் தொண்ணூற்றாறில் அவருடைய பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். காரணம் கேட்டால், அது அரச இரகசியமாம். அந்த வதிவிட அனுமதி இல்லாமல் மன்னாரிலிருந்து மனைவி செலஸ்ரீனாவையும் மகளையும் கூப்பிட வழியில்லை. தான் போய்ப் பார்ப்போமென்றால், போனவர் திரும்பி வரமுடியாது.

ஊரில் எந்தக் கந்தோருக்கும் எம்.பி. எழுதிக் கொடுத்த துண்டோடு போய்ப் பழகியவர் அவர். சிஞ்ஞோராவின் தம்பியோ உரோமில் மந்திரி. ஒரு ஞாயிறு மதியம் அவர் சாப்பிட வந்தபோது, மீனைப் பரிமாறியபடியே இராயப்பு விஷயத்தைச் சொன்னார். மந்திரி வைன் குடித்த உற்சாகத்தில் தன் பெயர் அட்டையை எடுத்து, 'இவருடைய கோப்பைத் திறந்து காட்டவும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். இராயப்புவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக, மந்திரி கையெழுத்து வைத்துவிட்டார், கொழும்புக்கு வந்து நில் என்று செலஸ்ரீனாவுக்குத் தந்தி அடித்தார். அவசரக்குடுக்கை!

பொலிஸ் கந்தோரில் அதிகாரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார். அந்தக் கோப்பை இரகசியமென்று மூடியது உரோமிலுள்ள வேறொரு அலுவலகம், அதைத் திறப்பதும் அவர்களுடைய எழுத்து உத்தரவால்தான் முடியும், மந்திரி ஆசைப்பட்டதற்காக இரகசியம் திறந்துவிடாது, அப்படித்தான் சட்டம் என்றார். பிறகு அட்டையைக் கோப்பில் செருகினார். அதையாவது திருப்பித் தரும்படி இராயப்பு கெஞ்சினார். கோப்புக்குள் போனதெல்லாம் இரகசியம், தரமுடியாது என்றார் அதிகாரி. பெரிய மனிதர்களின் கையைக் கட்டிவைக்க நல்ல சட்டம்தான். வந்து மாட்டிக்கொண்டது இந்த ஏழை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அடுத்த கிழமை கொழும்பு லொட்ஜிலிருந்து செலஸ்ரீனாவின் அழைப்பு வந்தது.

“மந்திரியே கையெழுத்து வைச்சிட்டார், பிறகென்னப்பா?”

“மந்திரிக்கும் ஏலாதாமப்பா. சட்டம் விடாதாம்.”



“வீட்டை வித்துப்போட்டெல்லோ வந்தனான். இனி நானும் பிள்ளையும் எங்கை போறது?”

இராயப்பு ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.