அடைத்துவிட்ட குழாய்

கருமத்தம்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி ரயில்வே யார்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் முழங்கால் விட்டுப்போயிற்று. அங்கே இரண்டு பழைய ரயில் பெட்டிகள் நின்றன. அதில் ஒன்று, தண்டவாளத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் விரிசலைக் கண்டுபிடிக்கிற பெட்டி. காலமான என் வீட்டுக்காரர் அதில்தான் வேலை பார்த்தார். மிஷினைக் கழற்றி, நம்பர்மேல் பெயிண்ட் அடித்துவிட்டதில், எது எதுவென்று யாருக்கும் தெரியவில்லை. விரிசல் பார்க்கிற பெட்டியைக் காட்சிக்கு வைப்பார்களாம். மற்றதை அறுத்து இரும்புக்குப் போடுவார்களாம். அடையாளம் காட்ட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"ஏனுங்கம்மா, இதுதானுங்களே?" பின்பக்கம் பெரிய கண்ணாடி வைத்த பெட்டியைக் காட்டினார் அதிகாரியம்மா.

"அது பெரிய ஆபீசருங்க உக்காந்து லைனப் பாத்துட்டுப் போறதுங்க. அவரோட பெட்டி இதுங்க."

"நம்பர் ஞாபகம் இருக்குதுங்களா?"

"நான் எழுத்துக்கூட்டிப் படிக்கறவ அம்மணி. நம்பருக்கு எங்க போவேன்?"

"வாயில சொன்னா மேல ஒத்துக்க மாட்டாங்கம்மா."

என்னிடம் சாட்சி இருந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

தண்டவாளத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே போனால்தான் மிஷினுக்கு விரிசல் தெரியும். அதற்காகப் பெட்டிக்குள் பெரிய தொட்டி, படிக்குக் கீழே குழாய். எங்கள் குவார்ட்டர்ஸ் வறண்டு கிடந்த ஒரு கோடையில், பக்கத்தில் நின்ற அந்தப் பெட்டியின் குழாயில் திருட்டுத்தனமாக இரண்டு குடம் பிடித்தேன். அவசரத்தில் சரியாக மூடவில்லை. மறுநாள் நடுவழியில் தண்ணீர் தீர்ந்து வேலை நின்றது. தொட்டியை நிரப்பவில்லை என்று அவருக்கு மெமோ. அவர் வீட்டில் ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை குடத்தோடு போனேன். குழாயின் வாய் வெல்டிங் வைத்து அடைபட்டிருந்தது. அவர் வேலைதான் என்று தெரிந்தது. நானும் கடைசிவரை கேட்கவில்லை.

இப்போது படிக்குக் கீழே குனிந்து தடவினேன். பெயிண்டுக்கு அடியில் வெல்டிங் மேடு கையில் தட்டுப்பட்டது.

"நான் தண்ணி திருடுன குழாய் இதுங்க" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அதிகாரியம்மா சிரித்தார். "நீங்களே திருடிப்போட்டு, நீங்களே காட்டறீங்களே!" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

"தொட்டிய அவரு நெறச்சுத்தான் வெச்சாருங்க. அதையும் எழுதுங்க."

"அதுக்கு இந்தப் பாரத்துல எடமில்லைங்கம்மா."

"ஓரத்துல எழுதுங்க கண்ணு. எழுதாம நான் நகர மாட்டேன். காலும் நகராது."

எழுதினார். வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தேன். சரியாகத்தான் இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, என் வீட்டுக்காரர் பெட்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.