கொடியேற்றத்துக்கு முன் ஒரு நாடகம்

சிவகாசிப் பேருந்துக்குத் திருத்தங்கலில் டயர் மாற்றுகிறார்கள். எதிரே பள்ளி மைதானத்தில் பத்தாவது சுதந்திர தின விழா. உள்ளே போய் நிற்கிறேன்.

மேடையில் அட்டைக் கிணறு. ஒட்டுமீசை வைத்த பையன், தாகத்தோடு வந்த சிறுமியின் கைகளில் தண்ணீர் ஊற்றுகிறான். அவள் சாதியார் கிணற்றைத் தொடக்கூடாது.

"இந்தக் காட்சி வேண்டாம்னு பள்ளித் தாளாளர் நேத்தே சொன்னாக சார். மீறிட்டேன். வேலை போனாலும் போகும்," என்கிறார் என் பக்கத்தில் நிற்கும், நாடகத்தை எழுதிய ஆசிரியை ஞானம்.

"கொடியேற்றுகிற நாளில் இது எதற்கு?"

"நாடு நம்மளது சார். நல்லதை மட்டுமே சொல்லிக்கொடுத்தா பிள்ளைக எதைத் திருத்தும்?"

முன்வரிசையில் தாளாளர் எழுகிறார். கூட்டம் அடங்குகிறது. ஞானம் சேலைத் தலைப்பை இறுகப் பிடிக்கிறார்.

"ஏலே, இம்புட்டுப் பக்கத்துல நின்னா ஊத்துனோம்?" என்று தாளாளர் பையனை அதட்டுகிறார். "பெஞ்சு மேல ஏறுலே. மேல பட்டா தீட்டுன்னு ஒசரத்துல இருந்துதான் ஊத்துவோம். நானே ஊத்திருக்கேன்."

"பாதித் தண்ணி முழங்கை வழியாப் போயிரும் மொதலாளி! இப்பமாச்சும் ஒத்துக்கிட்டீகளே!" என்கிறாள் அவருடைய தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி.

மைதானமே சிரிக்கிறது. தாளாளர் தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறார். பெஞ்சில் ஏறிய பையன் உற்சாகத்தில் குடத்தையே கவிழ்த்துவிடுகிறான். தலை முதல் கால் வரை நனைந்த சிறுமி முகத்தை வழித்துவிட்டு, கிணற்றை நோக்கி நடக்கிறாள்.

"தள்ளுங்கய்யா, நானே எறைச்சுக்கிடுதேன்!"

விசில் பறக்கிறது.

"இந்த வசனம் நான் எழுதலையே சார்," என்கிறார் ஞானம், கைதட்டுவதை நிறுத்தாமல்.