கடைசி வரிசையில் ஆடியவருக்கு நான் வைத்த பெயர்

நான் என் மகளிடம் பொய் சொன்னேன். முன்பின் அறியாத ஒரு மனிதருக்கு அவருடையதல்லாத பெயரை வைத்தேன். அவருடைய சொந்தப் பெயரை ஒளித்தேன். இன்றுவரை ஒளித்துத்தான் வைத்திருக்கிறேன்.

அவர் ஒரு நடனக்காரர். பழைய அமெரிக்க றொக் அன்ட் றோல் பாட்டுப் படம் ஒன்றில் கடைசி வரிசையில் ஆடியவர்.

சிரிக்கிறீர்களா? படத்தில் ஆடியவருக்குப் பெயர் வைத்ததெல்லாம் ஒரு குற்றமா என்று? என் கணவரும் அப்படித்தான் சிரித்தார். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

போர் முடிந்த அடுத்த ஆண்டு நான் பாரிசுக்கு வந்தேன். எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், நான்காம் மாடியில் ஓர் அறை. கணவர் உணவகத்தில் கோப்பை கழுவப் போய்விடுவார். நானும் கைக்குழந்தை ஆரணியும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்போம். கீழே சிவம் அண்ணையின் கடை. தமிழ்ப் பட டிவிடியும் தொலைபேசி அட்டையும் விற்பார். ஒருநாள் தூசி படிந்த டிவிடிப் பெட்டி ஒன்றை என் கையில் தந்தார்.

"இதை ஒருத்தரும் வாங்கேல்லை தங்கச்சி. கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கோ. பிரெஞ்சு தன்ர பாட்டில வரும்."

வந்தது! பேச்செல்லாம் பிரெஞ்சில்; பாட்டு மட்டும் ஆங்கிலத்தில். சோடாக் கடையில் வேலை செய்யும் ஒரு பையன், வானொலி நிலைய முதலாளியின் மகள், இருவருக்கும் நடுவே ஒரு கிற்றார். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த ஆட்கள்... அவர்கள்தான் இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் சொந்தக்காரர்கள். பையன் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு வருவான். அவன் குரல் கேட்டாலே ஆரணி பால் குடிப்பதை விட்டுவிட்டுத் திரும்புவாள். கதாநாயகியின் பாவாடை சுழலும்போது ஒரு மடிப்புக்கூடத் தவறாது. அதைத் தைத்தவர் யாரோ, அவர் கை நன்றாயிருக்க வேண்டும் என்று நினைப்பேன். ஆட்டம் பழக்கியவர், விளக்குப் பிடித்தவர், இவ்வளவு பேரையும் கூட்டிச் சேர்த்த இயக்குநர்... முகம் தெரியாத அத்தனை பேர்மீதும் எனக்கு அன்பு.

ஆரணிக்கு ஏழு வயதானபோது, பள்ளிக்கூடத்து ஆண்டிறுதி விழாவில் அவள் வகுப்பு அந்தப் படத்துப் பாட்டுக்கே ஆடுவதாக முடிவாயிற்று. துள்ளிக்கொண்டு வருவாள் என்று வாசலில் நின்றேன். பையைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நான் ஆடமாட்டன்."

"ஏன் செல்லம்? உனக்கு முழுப் பாட்டும் பாடமெல்லோ?"

"அந்தப் படத்தில என்னை மாதிரி ஒருத்தரும் இல்லையாம். என்னைத் திரைச்சீலை இழுக்கட்டாம் எண்டு எங்கட வகுப்பு எலோயிஸ் சொன்னவள்."

ஒரு நல்ல தாய் அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இல்லாவிட்டால் என்ன, நீ ஆடு என்று சொல்லியிருக்கலாம். ஆசிரியையிடம் போய்க் கதைத்திருக்கலாம். என் பிரெஞ்சுக்கு அப்போது அவ்வளவு துணிவில்லை... இல்லை, அதுவும் சாட்டுத்தான். துணிவில்லாதது எனக்கு.

நான் படத்தைப் போட்டேன். ரயில் சரக்குக் கொட்டகையில் எல்லோரும் ஆடும் அந்தக் காட்சி. கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டையோடு மெலிந்த, கறுத்த இளைஞன் ஒருவன். நாயகனின் தோளுக்குப் பின்னால் ஒருமுறை எட்டிச் சிரிப்பான். அங்கே நிறுத்தினேன்.

"இந்தா... இவர் ஆர் எண்டு நினைக்கிறாய்? எங்கட ஆள்!"

"உண்மையாவோ? பேர் என்ன?"

பெயர்! எனக்கு எதிரே நகைக்கடை நாட்காட்டி தொங்கியது. அதில் நவரத்தின மோதிர விளம்பரம்.

"நவரத்தினம்" என்றேன்.

அந்த முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால், நீங்களும் அதைத் திருப்பி எடுத்திருக்கமாட்டீர்கள்... என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அன்றே ஆரணி அதைச் சிவம் அண்ணையின் கடையில் அறிவித்துவிட்டாள். அவர் மேசைக்கு மேலால் குனிந்து என்னைப் பார்த்தார்.

"நவரத்தினமோ? எந்த ஊர்?"

எங்கள் ஆட்களின் முதல் கேள்வி! அப்போதாவது சிரித்து, சும்மா சொன்னேன் அண்ணை என்று முடித்திருக்கலாம். பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வல்வெட்டித்துறைப் பக்கமாம்..."

அவர் மேசையில் ஓங்கி அடித்தார். "அப்ப சரி! அவை அந்தக் காலத்திலேயே அமெரிக்காவுக்குக் கப்பல் விட்ட ஆக்கள்! போன இடத்தில நிண்டிருப்பார்."

தொலைபேசி அட்டை வாங்க வந்த ஓர் அம்மாவும் சேர்ந்துகொண்டார். "ஓம் ஓம், அவற்ர தமக்கை எங்கட பெரியம்மாவோட படிச்சவ. நல்ல நிறம்."

நான் பெற்ற பொய்க்குத் தெருவே சேர்ந்து தமக்கையைக் கொடுத்தது! சில நாளில் கடைக் கண்ணாடியில் அந்த வெள்ளைச் சட்டைப் படம் ஏறியது. அடியில் பெரிய எழுத்தில்: 'ஹொலிவூட்டில் எங்கட பிள்ளை'.

கணவர் இரவுச் சோற்றின் முன் குலுங்கிச் சிரித்தார். "இஞ்சை பாரப்பா, அந்தாள் எங்கட ஆள் மாதிரியே இல்லை. சரி விடு, ஆருக்கு நட்டம்?"

விழா வந்தது. ஆசிரியை ஆரணியை முன்வரிசையில் நிறுத்தினார். அவள் மறுத்துக் கடைசி வரிசைக்குப் போனாள். "அது நவரத்தினம் மாமா நிண்ட இடம்." அங்கிருந்து எட்டி எட்டிச் சிரித்துக்கொண்டு ஆடினாள். நான் கைதட்டினேன். அழுதேன். பெருமையா, பயமா... எனக்கே தெரியவில்லை.

பயம் ஏனென்றால், படத்தின் முடிவில் பெயர்கள் ஓடும். நடித்தவர், ஆடியவர், தைத்தவர், எல்லோருடைய பெயரும். அந்த இடம் வருமுன் நிறுத்துவதே என் வேலையாயிற்று. "முடிஞ்சுது, எழும்பு, பல்லுத் தீட்டு." நான் நேசித்த அத்தனை பேரையும் அவர்கள் வாசலிலேயே வைத்துக் கதவைச் சாத்தினேன்.

அந்த டிவிடிப் பெட்டிக்குள் இரண்டாவது தட்டு ஒன்று இருந்தது. ஆரணி பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு பகலில் அதைப் போட்டேன். பல ஆண்டுகளுக்குப் பின் படத்தின் ஆட்கள் ஒன்றுகூடிக் கதைக்கிறார்கள். நாயகனுக்கு வழுக்கை விழுந்திருந்தது. ஆட்டம் பழக்கிய அம்மையார் கைத்தடியோடு வந்து எல்லோரையும் அதட்டினார். நான் தனியே இருந்து சிரித்தேன்.

பிறகு கமெரா ஒரு நரைத்த மனிதரிடம் போயிற்று. அதே சிரிப்பு. அடியில் அவருடைய பெயர்.

அவருடைய தாய் மெக்சிக்கோவிலிருந்து வந்து, பிறருடைய துணிகளை அயர்ன் போட்டு அவரை வளர்த்தவராம். படம் வந்தபோது அந்தத் தாய் தன் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு தியேட்டருக்குப் போனாராம். அந்தக் காட்சி வந்ததும் எழுந்து நின்றாராம். பக்கத்திலிருந்த முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கைநீட்டிக் காட்டினாராம்: அது என் மகன்! அது என் மகன்!

என் பிள்ளையை நிமிர்த்த, இன்னொரு தாயின் பிள்ளையை அல்லவா எடுத்துக்கொண்டேன்! அந்தத் தட்டைச் சாமித்தட்டில் முருகன் படத்துக்குப் பின்னால் செருகினேன். ஏன் அங்கே? கணவர் தொடமாட்டார் என்பதாலா? முருகன் பார்த்துக்கொள்வார் என்பதாலா?

இப்போது ஆரணி கொலேஜில் படிக்கிறாள்; இங்கே நடுநிலைப் பள்ளிக்கு அதுதான் பெயர். வகுப்பின் முன் ஒரு படத்தைப் பற்றிப் பேச வேண்டும். எதைத் தேர்ந்தாள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போன கிழமை முழுவதும் இணையத்தில் தேடினாள். ஒருநாள் கண் சிவக்க என்னிடம் வந்தாள்.

"மமா, நவரத்தினம் எண்ட பேர் ஒரு இடத்திலயும் இல்லை. அவங்கள் வெட்டிப்போட்டாங்கள்! எங்கட ஆள் எண்டபடியால்தான். நான் வகுப்பில சொல்லப்போறன்."

நியாயமான கோபம். நான் வளர்த்த கோபம். அதைப் போய் யார் மேல் போடப்போகிறாள்? என் தனிமையில் பாடிக் காட்டிய அந்த மனிதர்கள்மேல்! பாவாடை தைத்தவர்மேல், கைத்தடி அம்மையார்மேல்... வெட்டியவள் அவளுக்கு முன்னால் வெங்காயம் அரிந்துகொண்டு நின்றாள்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வடிவாச் சொல்லு பிள்ளை" என்றேன்.

அந்தப் பெயரை இங்காவது எழுதலாமே என்று கேட்பீர்கள். முதலில் அதைக் கேட்க வேண்டியவள் ஆரணி. அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்லிவிட்டு நான் ஆறுதலடைவதா?

நேற்றுப் பேசிவிட்டு வந்தாள். எல்லோரும் கைதட்டினார்களாம். ஆசிரியர், இது பெரிய அநியாயம் என்றாராம். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தவள், திடீரென்று கேட்டாள்.

"மமா, அவற்ர அம்மா அந்தப் படத்தைப் பாத்தவவோ?"

"ஓம்" என்றேன். நான் யோசிக்கவில்லை, சொற்கள் தாமாக வந்தன. "நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனவ. அவர் வந்த உடன எழும்பி நிண்டு, அது என்ர மகன், என்ர மகன் எண்டு பக்கத்தில இருந்த ஆக்களுக்கெல்லாம் காட்டினவ."

அந்த மனிதரைப் பற்றி என் மகளுக்கு நான் சொன்ன ஒரே உண்மை.

ஆரணி எழுந்து உட்கார்ந்தாள். என்னையே பார்த்தாள்.

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

நான் முருகன் படத்தைப் பார்த்தேன். பிறகு, அடுப்பில் பருப்பு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு எழுந்தேன். அடுப்பில் ஒன்றுமே இருக்கவில்லை.