தங்கையைப் பிடிக்க வேண்டிய ஆட்டம்

தங்கை பத்தாவது முடித்த கோடையில் ஒரு தனியார் பள்ளி அவளைக் கூப்பிட்டுக்கொண்டது. அதுவரை நாங்கள் இருவரும் ஒரே அரசுப் பள்ளியில், ஒரே கபடி அணியில் ஆடினோம். அவள் எதிரணிக்குள் பாடிப் போகிறவள். நான் ஓரத்தில் நின்று, வருகிறவளின் கணுக்காலைப் பிடிக்கிறவள். ஒரு போட்டியில் அவள் ஆட்டத்தைப் பார்த்த அந்தப் பள்ளியின் கோச் நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். கட்டணம் கிடையாது, ஷூ, ஜெர்சி, காலையில் முட்டை, பால் எல்லாம் அவர்கள் பொறுப்பு. மில் மூடிய பிறகு வாட்ச்மேன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா, அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தான் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“பெரியவளும் நல்லாதான் ஆடுவா சார்” என்றார் அம்மா.

கோச் என்னைப் பார்த்துச் சிரித்தார். “பிடிக்கிறதுக்கு எங்ககிட்ட ஆள் இருக்காங்கம்மா. பாடிப் போறதுக்குதான் வேணும்.”

பொறாமை வரவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வந்தது. ஆனால் அவளைப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பள்ளி மைதானத்தில் மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். வெயில் காலத்தில் ஆடுவதற்கு முன் கல் பொறுக்க வேண்டும். அதிலிருந்து ஒருத்தியாவது தப்பித்தால் சரி என்றுதான் நினைத்தேன்.

அவள் இல்லாமலேயே அந்த வருடம் பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் நாங்கள் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். எங்கள் பி.டி. மிஸ்ஸுக்கே நம்ப முடியவில்லை. எதிரில் நின்றது தங்கையின் பள்ளி. ஆட்டம் நடந்ததும் அவர்களுடைய உள்ளரங்கில்தான், ரப்பர் மேட் விரித்து. அதற்கு முந்தைய ஆட்டங்களை எல்லாம் மண்ணில்தான் ஆடியிருந்தோம்.

எங்களில் பாதிப் பேருக்கு மேல் மேட் மீது கால் வைத்ததே இல்லை. அதில் வெறுங்காலுடன் ஆடக் கூடாது என்று அங்கே போன பிறகுதான் சொன்னார்கள். சீருடைக்குப் போடும் வெள்ளை கேன்வாஸ் ஷூதான் எங்களிடம் இருந்தது. என்னுடையதில் அடிப்பாகம் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. மிஸ் போட்டி நடத்துகிறவரிடம் போய்ப் பேசினார்.

“சார், வெளிய மண்ணுல வெச்சிக்கலாமே. எங்க புள்ளைங்க இதுல ஆடினதே இல்ல.”

அவர் கோபப்படவில்லை. உண்மையிலேயே புரியாதவர் போலத்தான் கேட்டார். “ரெண்டு டீமுக்கும் ஒரே மேட்தான மேடம்? இதுல என்னா அநியாயம்?”

மிஸ் எங்களிடம் திரும்பி வந்து, “பாத்து ஆடுங்கடி” என்று மட்டும் சொன்னார்.

தங்கையை மடக்குவது என் வேலை என்று முதலிலேயே முடிவாகியிருந்தது. வீட்டுச் சந்தில் சின்ன வயதிலிருந்து அவள் பாடி வர, நான் பிடித்துப் பழகியவள். எந்தப் பக்கம் சாய்வாள், எப்போது திரும்புவாள் என்று எனக்குத் தெரியும். “அவளுக்கு நீ இருக்கல்ல, எங்களுக்கு இன்னா கவலை” என்று எங்கள் கேப்டன் என் முதுகில் தட்டினாள்.

வழுக்கினாலும் விழுந்தாலும் விடாமல் ஆடினோம். கடைசி ரெய்டின்போது இரண்டு பக்கமும் சமப் புள்ளி. பாடி வந்தது தங்கை. நான் எதிர்பார்த்த இடத்தில்தான் திரும்பினாள். பாய்ந்து அவள் கணுக்காலைப் பிடித்துவிட்டேன். பிடி சரியாக விழுந்தது. மற்றவர்கள் வந்து அவள் மேல் விழும்வரை நான் கால் ஊன்றி நின்றிருந்தால் போதும். ஊன்றிய கால் மேட் மீது சறுக்கிக்கொண்டு போனது. நான் மல்லாந்து விழுந்தேன். அவள் கை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டாள்.

அரங்கம் முழுக்கக் கத்தியது. ஷூவை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது கேப்டன் வந்து என் முன்னால் நின்றாள்.

“தங்கச்சின்னு விட்டுட்ட இல்ல?”

“வழுக்கிடிச்சிடி. நீயே பாரு.” ஷூவைத் திருப்பிக் காட்டினேன்.

அவள் பார்க்கவில்லை. “எங்களுக்கும் இதே ஷூதான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பரவால்ல, ரத்தபாசம்தான” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நான் அழுதது அப்போதுதான்.

அன்று சாயந்திரம் தங்கை பதக்கத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா சேதராப்பட்டு கம்பெனி வேலையிலிருந்து இன்னும் வந்திருக்கவில்லை. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, நீயா விட்டியா?”

“இல்ல. கால் வழுக்கிடிச்சி.”

“எங்க கோச்சே சொல்றாரு, உங்கக்கா பாவம் பாத்து விட்டுட்டான்னு.”

“உங்க கோச்சுக்கு என்னா தெரியும்?”

“சந்துல ஒரு தடவகூட உன்கிட்ட இருந்து தப்பிச்சதில்லியேக்கா நான்” என்றாள். அதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் அவளுக்குப் பொய்யாகத்தான் கேட்டிருக்கும். அதன் பிறகு நாங்கள் சந்தில் ஆடவே இல்லை.

அவள் விளையாட்டு ஒதுக்கீட்டில் லாஸ்பேட்டையில் கல்லூரி சேர்ந்தாள். நான் பன்னிரண்டாவது முடித்து, நேரு வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்குப் போகிறேன். போன தீபாவளிக்கு அந்தப் பழைய கேப்டன் கைக்குழந்தையோடு துணி எடுக்க வந்தாள். கோபமெல்லாம் போய்விட்டிருந்தது. குழந்தைக்குச் சட்டை அளவு பார்த்துக்கொண்டே, “அன்னிக்கி வேணும்னேதான விட்ட? இப்பவாச்சும் சொல்லு” என்று சிரித்தாள்.

“வழுக்கிடிச்சிடி” என்றேன்.

“சரி வுடு. என் தங்கச்சியா இருந்தா நானும்தான் விட்டிருப்பேன்.”

பெரிய மனசோடு என்னை மன்னித்துவிட்டு, பில் போடப் போனாள். அந்த ரப்பர் மேட் பற்றி அவளும் பேசவில்லை, வேறு யாரும் பேசிக் கேட்டதில்லை.

சென்ற மாதம் தங்கையை அவள் கல்லூரியிலிருந்து வேறு ஊருக்கு ஆட அழைத்துப் போனார்கள். திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தவளிடம் எப்படி ஆடினாய் என்று கேட்டேன். தோற்றுவிட்டதாகச் சொன்னாள். முகத்தில் வருத்தமே இல்லை.

“நல்லா பிடிச்சாங்கக்கா. அங்க யாரும் என்னைப் பாவம் பாத்து விடமாட்டாங்க.”

அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுவிட்டு, கடைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.