புதுத் துணி போட்ட பழைய சோபா

பேரனைத் தூக்கிக்கொண்டு மகள் முதல் முறையாக எண்ணூருக்கு வருகிறாள் என்று, ராயபுரத்துப் பழைய சாமான் கடை ஒன்றில் சோபா வாங்கினேன். அந்தக் காலத்துத் தேக்கு. மரத்தைத் தட்டிப் பார்த்தேன், கால்களில் கறையான் அரித்திருக்கிறதா என்றும் பார்த்தேன். “மெத்தைக்குப் புச்சா துணி போட்டுகீது, கண்ண மூடிகினு எடுத்துனு போ மா” என்றார் கடைக்காரர்.

கோவையிலிருந்து வந்த மகள் உட்கார்ந்ததுமே முகம் சுளித்தாள். “இன்னாமா, டீசல் நாத்தம் அடிக்குது?”

“நம்ம ஊரே அப்டித்தானடி கீது” என்று சொல்லி, பேரனை வாங்கி அதன்மேலேயே படுக்க வைத்தேன்.

சாயங்காலம் குழந்தையின் முதுகெல்லாம் சிவந்து தடித்திருந்தது. டாக்டரிடம் ஓடினோம். நல்லவேளை, மருந்துக்கு அடங்கியது. வீடு திரும்பி மெத்தையைக் கிழித்தேன். உள்ளே தேங்காய் நார் கறுத்துப் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. புயல் மழையின்போது சுத்திகரிப்பு ஆலையிலிருந்து கசிந்து எங்கள் தெருவுக்குள் வெள்ளத்தோடு வந்ததே, அதே எண்ணெய். அதில் ஊறிய மெத்தைக்குத் துணியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

இப்போது பழைய நாற்காலி என்றாலும் கவிழ்த்து, அடித்துணியைப் பிரித்து உள்ளே பார்க்காமல் வாங்குவதில்லை. மோந்து பார்க்க மட்டும் வெளியூர் ஆளைக் கூப்பிடுகிறேன். என் மூக்கை நான் நம்புவதில்லை.

மகள் அடுத்த முறை வந்தபோது, குழந்தைக்கு விரிக்கக் கோவையிலிருந்தே பாய் கொண்டுவந்திருந்தாள். நானே அதை வாங்கி விரித்தேன்.