இரண்டாவது பிரேக்

சாலை காலியாகத்தான் கிடக்கிறது. இருந்தாலும் அவருடைய வலது கால் பிரேக்கின் மேல் தயாராக நிற்கிறது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்களின் வண்டியில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. எதிரே ஒரு பிளாஸ்டிக் பை பறந்தால் போதும், இவர் மிதித்துவிடுவார். வண்டி குலுங்கி நிற்கும். "தப்பா நினைக்காதீங்க சார், கால் தானா போயிடுது" என்பார். அவரிடம் கற்றுக்கொள்ள வந்த நாங்கள், தலை நரைத்தவர்கள் உட்பட, அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'பிரேக் அக்கா'.

கொஞ்ச காலமாக அக்காவின் மனம் சாலையில் இல்லை. மகள் படிக்கும் பள்ளி ஐந்தாம் வகுப்போடு சரி. ஆறாவதுக்கு எங்கே சேர்ப்பது? அதனால் எனக்கு எந்தப் பாடம் நடந்தாலும் அது ஏதாவது ஒரு பள்ளி வாசலில்தான் போய் முடியும். "லெஃப்ட்ல திருப்புங்க. அந்தப் பச்சை கேட் தாண்டாம நிறுத்துங்க." மணி அடிக்கும். பிள்ளைகள் திமுதிமுவென்று வெளியே வருவார்கள். அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டு எட்டிப் பார்ப்பார். "பாருங்க சார், அவன் பையையும் சேர்த்து இவன் தூக்கிட்டுப் போறான். சிநேகமா, மிரட்டலா?" எனக்கு எப்படித் தெரியும்? கிளட்ச் எது, பிரேக் எது என்றே நான் தடுமாறிக்கொண்டிருந்த நேரம் அது.

அந்தப் பச்சை கேட் பள்ளி அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். திங்கட்கிழமை அதுதான் என்று முடிவாகும். செவ்வாய்க்கிழமை, அங்கே ஒரு ஆசிரியை போனையே பார்த்துக்கொண்டு நின்றார் என்பதற்காக அது அடிபட்டுப் போகும். உடனே பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளி மேலே வரும். மகளுக்குப் பிடித்ததும் அதுதான். அங்கே மரவேலைக்கென்று தனிக் கூடமே இருக்கிறது. ஆனால் பஸ் மாறிப் போக வேண்டும். "ஒரு பஸ்ஸ விட்டுட்டான்னா எங்க போய் நிப்பா சார்? வாயத் திறந்து யார்கிட்டயும் கேக்கவும் மாட்டா." கப்பலில் வேலை பார்க்கும் கணவர், "உனக்கு எது சரின்னு படுதோ செய்" என்று போனில் நழுவிவிட்டாராம். "எனக்குச் சரின்னு பட்டது எது விளங்கியிருக்கு, இவரைக் கட்டிக்கிட்டது உட்பட!" என்று அக்கா பொருமினார்.

ஒரு நாள் என்னையே பச்சை கேட்டுக்குள் அனுப்பினார். "என் வண்டி மேல போர்டு இருக்கு, வாட்ச்மேனுக்கு என்னைத் தெரிஞ்சுபோச்சு. நீங்க போய்க் கழிவறை சுத்தமா இருக்கான்னு மட்டும் பாத்துட்டு வாங்க."

"இது டிரைவிங் கிளாஸா, உளவு வேலையா?" என்று கேட்டேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாட்ச்மேன், "உங்க பிள்ளை எந்த வகுப்பு?" என்று கேட்க, கல்யாணமே ஆகாத நான் திருதிருவென்று முழித்துவிட்டுத் திரும்பினேன்.

இதற்கெல்லாம் பலன் என் தேர்வில் தெரிந்தது. நேராகப் போகச் சொன்னார் அதிகாரி. வழியில் ஒரு பள்ளி வந்தது. நான் பாட்டுக்கு ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். "ஏன் நிறுத்தினீங்க?" என்றார். "மணி அடிக்கப் போகுது சார்" என்றேன். ஃபெயில். அக்கா தலையில் கைவைத்துக்கொண்டார். "என் பாவம் சார் இது. ஃபீஸ் வேண்டாம், மறுபடி வாங்க."

மறுபடி போன அன்று பின் இருக்கையில் மகள் இருந்தாள். சேர்க்கைக்கு அதுதான் கடைசி நாள். பச்சை கேட் பள்ளிக்குத்தான் போகிறோம் என்று முன்பே முடிவாகியிருந்தது. பிரேக் வேறு அன்று பலமாக விழுந்தது. பாதி வழியில் அக்கா தானாகவே ஆரம்பித்தார். "பக்கத்துல இருந்தா மத்தியானம்கூட வந்து எட்டிப் பாத்துக்கலாம்ல, கண்ணு?"

"அதுக்குத்தாம்மா அது வேணாம்" என்றாள் மகள். அந்தக் காரில் அவள் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "இங்க எல்லாருக்கும் நான் பிரேக் அக்கா பொண்ணு. நான் ஓடினாக்கூட, 'அம்மா பிரேக் போடலையா'ன்னு சிரிக்கறாங்க. அங்க யாருக்கும் என்னைத் தெரியாதும்மா."

எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அக்கா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பச்சை கேட் தெரிந்தது. என் கால் பழக்கத்தில் பிரேக்குக்குப் போனது.

"நிறுத்தாதீங்க" என்றார். "பாலத்துக்கு விடுங்க."

பெரிய பள்ளி உண்மையிலேயே பெரிதுதான். அக்கா கதவைத் திறக்கப் போனார். "நானே குடுத்துட்டு வரேம்மா. கூப்பிட்டா வா" என்று சொல்லிவிட்டு மகள் இறங்கிக்கொண்டாள். தன்னைவிட ஒரு முழம் உயரமான பிள்ளைகளுக்கு நடுவே, விண்ணப்பத்தை நெஞ்சோடு அணைத்தபடி நடந்தாள். வாசலில் நின்று வாட்ச்மேனிடம் என்னவோ கேட்டாள். அவர் கையை நீட்டி வழி காட்டினார். அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

நான் என்ஜினை அணைத்து, சாவியைக்கூட உருவிவிட்டேன். குனிந்து பார்த்தேன். அக்காவின் வலது கால் அந்த இரண்டாவது பிரேக்கை அடிவரைக்கும் அழுத்திக்கொண்டிருந்தது.