அட்டமி இல்லாத செவ்வாய்

அந்தச் செவ்வாய்க்கிழமை அட்டமி இல்லை. அட்டமி என்று அக்காவிடம் சொன்னது நான்.

மகள் இங்கே மொன்றியலில், டொலார்ட்டில் வீடு வாங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை பால் காய்ச்சுவதாக இருந்தது. டொராண்டோவில் இருக்கும் அக்காதான் எங்கள் குடும்பத்தில் மூத்தவ. அவ வந்து அடுப்பு மூட்டினால்தான் எனக்கு மனம் ஆறும். அக்காவுக்கு முழங்கால் வருத்தம். பஸ்ஸில் அவ்வளவு நேரம் காலை மடக்கி வைத்திருக்க ஏலாது. பிளேன் என்றால் பயம். "நீ வந்து கூட்டிக்கொண்டு போனால் வாறன். தனிய ஏறமாட்டன்" என்றா. செவ்வாய்க்கிழமை வருவதாகப் பேசிக்கொண்டோம். பலகாரம் சுடவும் ஆறுதலாக நாள் இருக்கும் என்பது அவவின் எண்ணம்.

அதற்கு நான் திங்களும் செவ்வாயும் லீவு கேட்க வேண்டும். செயின்ட்-மிஷேலில் ஒரு கேக் பக்டரியில் பெட்டி அடுக்கும் வேலை எனக்கு. எங்கள் சூப்பவைசர் நல்ல மனுஷி, ஒருநாளும் கத்தியதில்லை. ஆனாலும் அவவின் கண்ணாடி அறை வாசலில் போய் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். முதல்தரம் போனபோது அவ போனில் இருந்தா. அடுத்ததரம் நிமிர்ந்து "உய்?" என்று, பிரெஞ்சில் 'என்ன?' என்கிற மாதிரிக் கேட்டா. கையுறை முடிந்துவிட்டது என்று சொல்லி, ஒரு பெட்டி கையுறையோடு திரும்பி வந்தேன்.

அன்று பின்னேரம் அக்காவுக்குப் போன் எடுத்தேன். "அக்கா, செவ்வாய் அட்டமியாம். வியாழன்தான் நல்ல நாள்." புதனும் வியாழனும் எனக்கு வழக்கமான ஓய்வு நாட்கள்; வெள்ளி பின்னேரம்தான் வேலை. அக்கா போனோடு குசினிக்குள் போய் அடுப்பை அணைப்பது கேட்டது. பிறகு, "சரி, அப்ப வியாழன்" என்றா.

செவ்வாய்க்கிழமை மொன்றியலில் பனி கண்ணைக் கூச வைக்கிற மாதிரி வெயில் எறித்தது. நான் பெட்டி அடுக்கிக்கொண்டு நின்றேன். வியாழக்கிழமை ஐஸ் மழை.

நான் புதன்கிழமையே டொராண்டோவுக்குப் போய்விட்டிருந்தேன்; அங்கே வெறும் தூறல்தான். பிளேன் சுணங்கி, ஆனாலும் கிளம்பிவிட்டது. அக்கா நடுச் சீட்டில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு இருந்தா. பைக்குள் பால் காய்ச்சப் புதுப் பானை. அதை மேலே வைக்கச் சொல்லி வந்த பெண்ணைப் பார்த்துச் சிரித்தே சமாளித்துவிட்டா.

கீழே இறங்கத் தொடங்கியதும் ஆட்டம் பிடித்தது. ஜன்னலில் மழை ஓடவில்லை; கோடுகோடாக ஒட்டியது. முகிலுக்குக் கீழே வந்ததும் ஓடுபாதையின் விளக்குகள் மங்கலாகத் தெரிந்தன. வந்துவிட்டோம் என்று நான் மூச்சு விடும்போது எஞ்சின் பெரிதாக இரைந்தது. மூக்கு மேலே நிமிர்ந்தது. முதுகு சீட்டோடு ஒட்ட, விளக்குகள் எல்லாம் கீழே போய் மறைந்தன.

பைலட் முதலில் பிரெஞ்சில் பேசினார், பிறகு ஆங்கிலத்தில். முதல் வார்த்தையிலிருந்து கடைசிவரை ஒரே குரல், கடையில் விலை சொல்கிற மாதிரி.

"என்னவாம்?" அக்கா என் கையைப் பிடித்தா.

"ரோட்டைத் துப்புரவாக்கினமாம். ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்குவினமாம்."

"அவ்வளவு நேரம் கதைச்சவன், நீ ரெண்டு வசனத்திலை முடிச்சிட்டாய். முழுக்கச் சொல்லு."

"ஓடுபாதையிலை ஐஸ் பிடிச்சிருக்காம். வாகனம் விட்டுச் சுரண்டுகினமாம். இன்னொருக்கா பார்ப்பினமாம். சரிவராட்டி ஒட்டாவாவுக்குக் கொண்டுபோவினமாம்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டா. அவவின் உதடு அசைந்தது. விரல்கள் என் மணிக்கட்டில் புதைந்தன. செவ்வாய்க்கிழமை வெயில்தான் எனக்குள் எறித்துக்கொண்டு நின்றது. இந்த மனுஷிக்கு ஏதும் நடந்தால், ஒரு கையுறைப் பெட்டிக்காக நடந்ததாகும். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு என்னால் கீழே இறங்க முடியாது என்று நினைத்தேன்.

"அக்கா, செவ்வாய்க்கிழமை அட்டமி இல்லை."

அவ கண்ணைத் திறக்கவில்லை. "எடி, என்ரை குசினியிலையும் கலண்டர் தொங்குது."

"தெரிஞ்சே வந்தனீங்கள்?"

"லீவு கேக்க வெக்கப்பட்டிருப்பாய். பள்ளிக்கூடத்திலை தண்ணி குடிக்கப் போகவும் நான்தானே வந்து ரீச்சரிட்டைக் கேக்கிறனான்." பிறகு, "இப்ப அதைக் கதைக்கிற நேரமே? கும்பிடு" என்றா.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டாம் தரம் இறங்கத் தொடங்கினோம். முன்னால் ஒரு குழந்தை பிரெஞ்சில் ஏதோ பாடிக்கொண்டிருந்தது. விளக்குகள் மறுபடி தெரிந்தபோது அக்கா வாய்விட்டே சொன்னா: "முருகா, பத்திரமா இறக்கிவிடு. வாற தேருக்கு இவள் கற்பூரச்சட்டி எடுப்பாள்."

"நானோ?" என்றேன்.

"பின்னை நானோ? எனக்கு முழங்கால் ஏலாது."

சில்லுகள் 'தொம்' என்று விழுந்தன. பல்லோடு பல் அடித்தது. இறக்கையில் ஏதோ திறந்தது; எஞ்சின் எதிர்ப்பக்கமாக இரைந்தது. பிரேக் பிடித்துப் பிடித்து விட்டது. ஒரு கணம் பிளேனின் பின்பக்கம் மெல்ல ஒரு பக்கம் போவதை உடம்பால் உணர்ந்தேன். பிறகு நேராகியது. மெதுவாகியது. நின்றது.

எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா முதலில் பைக்குள் கைவிட்டுப் பானையைத் தடவிப் பார்த்தா, பிறகுதான் கைதட்டினா. ஐஸில் மண் தூவும் வாகனம் வரும்வரை, இறங்கியும் இறங்காமல் அங்கேயே நெடுநேரம் இருந்தோம். என் மணிக்கட்டில் அவவின் நகம் பதிந்த இடம் சிவந்திருந்தது. "நோகுதோ?" என்று தடவிவிட்டா.

வெள்ளிக்கிழமை பால் நன்றாகப் பொங்கியது. அக்கா எல்லோருக்கும் அந்தக் கதையைச் சொன்னா, அட்டமியை மட்டும் விட்டுவிட்டு. திரும்பும்போது, வீட்டு வேலை முடிந்துவிட்ட மருமகன் வழிநெடுக நிறுத்தி நிறுத்திக் காரில் கொண்டுபோய் விட்டார். அதற்குப் பிறகு அவ மொன்றியலுக்கு வரவில்லை. இனிப் பிளேன் இல்லை என்று சொல்லிவிட்டா. காரிலும் அவ்வளவு தூரம் கால் தாங்காது.

கோடையில் எங்கள் முருகன் கோயில் தேர் ஒரு சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை எனக்கு வேலை. கண்ணாடி அறை வாசலில் போய் நின்றேன். "உய்?" என்றா சூப்பவைசர்.

"சனிக்கிழமை லீவு வேணும். கோயில்."

"சரி" என்றா, குனிந்து எழுதிக்கொண்டே. நான் அசையாமல் நின்றதைப் பார்த்து நிமிர்ந்து, "வேறை ஏதும்?" என்று கேட்டா.

இல்லை என்று தலையாட்டினேன். அவ்வளவுதான் இருந்திருக்கிறது.

தேருக்குப் பின்னால், அத்தனை சனத்துக்கு முன்னால், வேப்பிலையை உள்ளங்கையில் வைத்து அதன்மேல் கற்பூரம் எரியும் சட்டியை ஏந்திக்கொண்டு நடந்தேன். முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மகள் பக்கத்தில் போனைப் பிடித்தபடி வந்தாள். திரையில் அக்கா, குசினியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தா. பின்னால் கலண்டர் தொங்கியது.

"கை சுடுதோ?" என்று கேட்டா.

"ஓம் அக்கா."

"சுடட்டும்" என்றா. பிறகு, "நில்லாதை, நட" என்றா.